உங்களுக்குத் தெரியுமா? மீனுக்கும் பேன் உண்டு!

குளிர்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் லாம்ப்ரே என்ற தாடையில்லாத மீன் வாழ்கிறது. அதில் சில வகைகள் வட்ட வாயால் மற்ற மீன்களைப் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். நம் தென்பெண்ணையில் லாம்ப்ரே கிடையாது. ஆனால் அதே பிழைப்பு நடத்தும் உயிர் ஒன்று நம் மீன் குளங்களில் உண்டு: மீன் பேன், அதாவது ஆர்குலஸ்.

பெயர்தான் பேன், இது பூச்சியல்ல, இறால், நண்டுக்குத் தூரத்து உறவு. சில மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடல். ஒளி ஊடுருவுவதால் செதில்மேல் இருந்தாலும் சட்டென்று கண்ணில் படாது. அடியில் உள்ள இரண்டு உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டிக்கொண்டு, ஊசிபோன்ற உறுப்பால் தோலைக் குத்தும். அரிப்புத் தாங்காத மீன் கல்லிலும் கரையிலும் உடம்பைத் தேய்க்கும், துள்ளும்; புண்ணில் பிற கிருமிகள் புகும். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் வறுவலாகச் சாப்பிடும் கட்லா, ரோகு போன்ற கெண்டைகளை, அதுவும் பண்ணைக் குளங்களில் நெருக்கமாக வளரும்போது, இது பாடாய்ப் படுத்தும்.

வியப்பான செய்தி இதுதான்: முட்டையிடும் காலத்தில் தாய்ப் பேன் மீனை விட்டு இறங்கி நீந்திப்போய், கல், குச்சி போன்ற கெட்டியான பொருள்களில் வரிசையாக முட்டைகளை ஒட்டிவைக்கும். இது தெரிந்த மீன் வளர்ப்பாளர்கள் குளத்தில் மூங்கில், பலகைகளை இறக்கிவைத்து, முட்டை ஒட்டியதும் வெளியே எடுத்து வெயிலில் காயவிடுகிறார்கள். மருந்தில்லாத அருமையான வைத்தியம்!

மீன் பேன் மனிதரிடம் ஒட்டி வாழாது. கழுவிச் சமைத்த மீனைத் தயங்காமல் சாப்பிடலாம்.