கூடை முதல் கப்பல் வரை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியை அடைந்ததும் கொஸ்லந்தை, வெல்லவாய நோக்கித் திரும்பிவிடுகின்றது. மற்றொரு சாலை அங்கிருந்து புறப்பட்டு, அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி எலையை நாடிச் செல்கின்றது. மூடுபனி விலகும் காலை வேளையில் இச்சந்தியில் நிற்போர், தேயிலைப் பொதிகளைச் சுமந்த லொறிகள் கொழும்பை நோக்கி மெல்ல இறங்கிச் செல்வதைக் காணலாம். அப்பொதிகளின்மீது பொறித்துள்ளவற்றை வாசித்துப் பார்த்தோர் எத்தனை பேர்? தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம் ஆகியவற்றோடு மொத்த நிறை, தேறிய நிறை என இரு கணக்குகளும் அங்கே காணப்படும்.

பொதியோடு சேர்த்து நிறுத்தால் மொத்த நிறை. உள்ளிருக்கும் தேயிலை மட்டுமே தேறிய நிறை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொதியின் நிறையே கழிவு நிறை. வணிகர் இதனை ‘டெயார்’ என்பர். ‘எறியப்பட்டது’ என்று பொருள்படும் அரபுச் சொல்லொன்றிலிருந்து பிறந்து, ஐரோப்பிய மொழிகளின் வழியாக நம் நாட்டை அடைந்த சொல் இது. சிறிய சொல்லாயினும், இதன் பொருளை அறியாதார் இழப்பது சிறிதன்று.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. புகையிரதம் அப்புத்தளையை 1893ஆம் ஆண்டிலும் பதுளையை 1924ஆம் ஆண்டிலும் அடைந்தது. அக்காலந்தொட்டு ஊவாவின் தேயிலை கடல் கடக்கும்போதெல்லாம் சில சொற்களும் அதனுடன் பயணஞ் செய்து வருகின்றன. ‘எப். ஓ. பி.’ எனின், கொழும்பிலே சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையுள்ள செலவும் இழப்பும் விற்பவரைச் சாரும். ஏற்றிய பின் யாவும் வாங்குபவரைச் சாரும். ‘சி. ஐ. எப்.’ எனின், காப்புறுதியையும் கப்பற் கூலியையும் விற்பவரே செலுத்துவார். ஆயினும் ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கூலி சேருந்துறை வரை செலுத்தப்பட்டிருப்பினும், கப்பலில் ஏறிய கணமே சரக்கின் ஆபத்து வாங்குபவருடையதாகிவிடும். நடுக்கடலில் தேயிலை நனைந்தால் காப்புறுதிப் பணத்தைக் கோரவேண்டியவர் அவரே.

‘பில் ஒவ் லேடிங்’ எனப்படும் கப்பற் சரக்குச் சீட்டு மூன்று பணிகளைச் செய்கின்றது. சரக்கைப் பெற்றுக்கொண்டமைக்கு அது பற்றுச்சீட்டு. ஏற்றிச் செல்லும் உடன்படிக்கைக்குச் சான்று. சரக்கின்மீதுள்ள உரிமைக்குப் பத்திரம். குறித்த நாட்களுக்குள் துறைமுகத்திலிருந்து எடுக்கப்படாத கொள்கலனுக்கு விதிக்கப்படும் தாமதக் கட்டணம் ‘டெமரேஜ்’ ஆகும். கூர்ந்து நோக்கின், இச்சொற்கள் யாவும் ஒரே வினாவுக்கு விடை கூறுகின்றன: பாரம் யாருடையது, நட்டம் யாருடையது?

இக்காலத்தில் பலகைப் பெட்டிகள் மறைந்து, காகிதப் பொதிகளும் இரும்புக் கொள்கலன்களும் வந்துவிட்டன. இருபதடி நீளமுள்ள கொள்கலன் வெறுமையாகவே ஏறத்தாழ இரண்டேகால் தொன் நிறையுடையது. அதன் கழிவு நிறையைக் கதவிலேயே எழுதி வைக்கின்றனர். 2007ஆம் ஆண்டு ஜனவரியில், ‘எம். எஸ். சி. நப்போலி’ என்னும் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலிற் சிக்கிச் சிதைவுற்றது. அதிலிருந்த கொள்கலன்கள் பலவற்றின் உண்மை நிறை, பத்திரங்களிற் கூறப்பட்டதற்கு வேறாயிருந்தமை பின்னர் வெளியாயிற்று. 2016ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி முதல், சரிபார்த்த மொத்த நிறையை அறிவிக்காமல் எந்தக் கொள்கலனையும் கப்பலில் ஏற்றலாகாது என்பது உலக விதி. மதிப்பீடு செல்லாது, நிறுத்தே கூறவேண்டும்.

இனி, கப்பலை விட்டு மலைக்குத் திரும்புவோம். கழிவு என்னும் இச்சொல் துறைமுகத்தில் மட்டும் வழங்குவதன்று. கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அது நாள்தோறும் ஒலிக்கின்றது. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படும்போது, கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோக்களைக் கழிப்பது நெடுநாளைய வழக்கம். கழிப்பதே தவறென்று கூறுவாரில்லை. கூடையின் பாரத்துக்குக் கூலி கேட்பாருமில்லை. ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும், மழைநீர் தேயிலையாவதில்லை. ஆயின், கூடையை நிறுத்துக் கழிப்பது வேறு. குத்துமதிப்பாகக் கழிப்பது வேறு. நிறுவைக்கு ஒரு கிலோ மிகையாகக் கழிந்தால் மூன்று நிறுவைக்கு மூன்று கிலோ. இருபது நாளில் அறுபது கிலோ! அந்த ஒரு கிலோக் குறைவினால் முழுப்பேர் அரைப்பேராகும் நாளும் உண்டு.

பள்ளி செல்லும் பிள்ளைகள் இம்மூன்று நிறைகளையும் கற்றுக்கொள்வார்களாக. மாலையில் தாய் கொண்டு வரும் துண்டை வாங்கி, மொத்தம் எவ்வளவு, கழிவு எவ்வளவு, தேறியது எவ்வளவு எனக் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக. நிறுப்போருக்கும் ஒரு வார்த்தை: வெறுங்கூடையை முதலில் தராசில் வைத்து, சுமப்பவள் காண அதன் நிறையைக் குறித்துக்கொள்வது கடினமான காரியமன்று. இரும்புப் பெட்டிக்கு நிறுத்து எழுதி வைக்கும் கணக்கை, முதுகிற் சுமக்கும் கூடைக்கும் எழுதி வைக்கலாமன்றோ?