பாதியில் நின்ற வால்வு பெருக்கி

1950-களில் அமெரிக்காவில் மின் கிதார் வாசிக்கக் கற்ற இளைஞர் பலருக்குக் கடையில் விற்ற ஆம்பிளிஃபயர் எட்டாக்கனியாக இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட வால்வுகளும் மின்மாற்றிகளும் மலிவாகக் கிடைத்தன. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் வால்வுக் கையேட்டில் சுற்றுப்படங்கள் இருந்தன. 1954-இல் தொடங்கிய 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' போன்ற இதழ்கள் வழிகாட்டின. தகரப் பெட்டியில் துளையிட்டு, ஈயம் பற்றவைத்து, தம் கையாலேயே பெருக்கி கட்டியவர்கள் பலர். இங்கிலாந்திலும் இதே கதைதான். புகழ்பெற்ற மார்ஷல் பெருக்கியே, 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையைச் சேர்ந்த கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் அமெரிக்க ஃபெண்டர் பெருக்கியின் சுற்றைப் பார்த்துக் கட்டியதிலிருந்து பிறந்ததாகும்.

தொடங்கியவர்கள் எல்லாரும் முடித்துவிடவில்லை. பாதியில் நின்ற பெட்டி ஒன்று பல ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கைக்கு வந்தால் அவருக்கு முதலில் என்ன செய்யத் தோன்றும்? பிளக்கைச் செருகி, பாடுகிறதா என்று பார்க்கத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. ஏன் என்று காண்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் கட்டுவோர் அதிகம் பின்பற்றிய சுற்றுகளுள் ஒன்று, 1950-களின் பிற்பகுதியில் வந்த 'ஃபெண்டர் சாம்ப்' என்னும் சிறு பெருக்கியினுடையது. இதில் மூன்றே வால்வுகள். 5ஒய்3 என்பது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் திருத்தி. 12ஏஎக்ஸ்7 என்பது கிதாரிலிருந்து வரும் மெல்லிய சைகையை இரண்டு படிகளில் பெருக்குவது. 6வி6 என்பது ஸ்பீக்கரை இயக்கும் திறன் வால்வு.

வால்வு வேலை செய்யும் விதம் எளியது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறிய எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் தகடு அவற்றை ஈர்க்கிறது. இடையில் ஒரு கம்பி வலை. வாய்க்காலின் மடையைச் சிறிதே அசைத்தால் பெருநீரோட்டம் கூடிக் குறைவதுபோல, வலையின் மின்னழுத்தம் சிறிது மாறினாலும் எலெக்ட்ரான் ஓட்டம் பெரிதும் மாறுகிறது. இந்த வலையை 1906-இல் புகுத்தியவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட். தகட்டுக்கு வேண்டிய மின்னழுத்தம் ஏறத்தாழ 300 வோல்ட் என்பதை நினைவில் கொள்க. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சும்மா கிடந்தாலும் முதுமை

வால்வும் மின்மாற்றியும் ஐம்பது ஆண்டுகள் கிடந்தாலும் பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுவது மின்பகு மின்தேக்கி. ரேடியோ பழுதுபார்ப்போர் இதைக் கண்டென்சர் என்பர். இதில் அலுமினியத் தாளின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்புப் பொருளாக உள்ளது. மின்னழுத்தம் இருக்கும்வரை படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சும்மா கிடந்தால் நலிவுறும்; உள்ளிருக்கும் மின்பகு நீர்மமும் உலர்ந்துபோகும். அந்நிலையில் திடீரென 300 வோல்ட் கொடுத்தால் மின்தேக்கி கசியும், சூடேறும், வெடிக்கவும் கூடும். அது குறுக்குச் சுற்றானால் திருத்தி வால்வும் மின்மாற்றியும் கருகும். மின்மாற்றியோ மாற்றுக் கிடைப்பதற்கு அரிய உறுப்பு. ஆகவே இத்தகைய மின்தேக்கிகளைச் சோதித்துக்கொண்டிராமல் புதியனவாக மாற்றிவிடுவதே முறை.

புதிய மின்தேக்கியிலும் எச்சரிக்கை வேண்டும். 40 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 350 வோல்ட்டில் ஏறத்தாழ 2.5 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உள்ளேயே காத்திருக்கும். எனவே ஒவ்வொரு முறை நிறுத்தியதும் 10,000 ஓம் மின்தடை ஒன்றை, காப்பிட்ட பிடியுள்ள கம்பியால், மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் இடையே இணைக்க வேண்டும். 0.4 நொடியில் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கும். 2 நொடியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பின் மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்கலாம். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுகையால் அளப்பது நல்ல பழக்கம்; மின்னோட்டம் நெஞ்சைக் கடக்கும் வழி அதனால் அடைபடும்.

உயிர் காக்கும் மூன்றாவது கம்பி

அக்காலப் பெருக்கிகள் பலவற்றில் மின்கம்பிகள் இரண்டே. நிலத்தொடர்புக் கம்பி இல்லை. பல பெட்டிகளில் மின்வழிக் கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கி இருந்தது. அது பழுதானால் சட்டம் முழுவதும் மின்னேறும். கிதாரின் கம்பிகளோ இணைப்பு வடத்தின் உறை வழியாக அதே சட்டத்தோடு சேர்ந்துள்ளன. அதாவது, வாசிப்பவரின் விரல்கள் எப்போதும் பெருக்கியின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்றே பொருள்.

1972 மே மாதம், பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் தி குரோஸ்' இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் ஒலிவாங்கியைத் தொட்டதும் மின் தாக்கி இறந்தார். நிலத்தொடர்பு சரியாக இல்லாமையே காரணமாகக் கூறப்பட்டது. ஆகவே அந்தச் சிறு மின்தேக்கியை அகற்றி, மூன்று கம்பி வடமும் ஃபியூஸும் பொருத்தி, நிலக்கம்பியைச் சட்டத்தில் தனித் திருகால் இறுக்குவது கட்டாயம்.

முதன்முறை இயக்குதல்

இங்கே நம் ஊர் ரேடியோ கடைகளில் பழகிய 'சீரீஸ் பல்பு' உதவும். பழைய இழை பல்பு ஒன்றைப் பெருக்கியோடு தொடர்வரிசையில் இணைத்து மின்சாரம் தர வேண்டும். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும், பெருக்கி தப்பிக்கும். மங்கலாக எரிந்தால் மேலே தொடரலாம். எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. அமெரிக்கப் பெட்டியாயின் அதன் மின்மாற்றி 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் நேரடியாக இணைக்கலாகாது.

ஸ்பீக்கர் இல்லாமல் இயக்குவதும் தவறு. வெளியீட்டு மின்மாற்றியில் உயர் மின்னழுத்தம் எழுந்து அதன் காப்பு உடையக்கூடும்.

அடுத்து 6வி6 வால்வின் வலையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் சில வோல்ட் நேர்மின்னழுத்தம் தெரிந்தால், முந்தைய படியை இணைக்கும் மின்தேக்கி கசிகிறது என்று அறியலாம். அதை மாற்றாவிடில் தகடு சிவக்கும். எதிர்மின்வாயில் உள்ள 470 ஓம் மின்தடையில் 19 வோல்ட் தெரிந்தால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர். தகட்டுக்கும் எதிர்மின்வாய்க்கும் இடையே 280 வோல்ட் எனில் வால்வு வெப்பமாக்கும் திறன் சுமார் 11 வாட். கையேடு அனுமதிப்பது 12 வாட். ஆக வால்வு நலமாக உள்ளது!

முடித்து வைத்தல்

இனி, தொடங்கியவர் விட்டுவைத்த வேலைகளைச் செய்யலாம். வெளியீட்டு மின்மாற்றி இல்லையெனில் கணக்கிட்டு வாங்க வேண்டும். வால்வு விரும்பும் 5,000 ஓமை 8 ஓம் ஸ்பீக்கரோடு பொருத்த, விகிதம் 625. அதன் வர்க்கமூலம் 25. எனவே முதன்மைச் சுருளின் சுற்றுகள் துணைச் சுருளைப் போல் 25 மடங்கு இருக்க வேண்டும்.

ஸ்பீக்கரிலிருந்து சைகையின் சிறு பகுதியை முன்படிக்குத் திருப்பும் எதிர்ப் பின்னூட்டக் கம்பியும் பலமுறை இணைக்கப்படாமலே இருக்கும். அதை இணைத்தவுடன் பெருக்கி ஊளையிட்டால் அஞ்ச வேண்டாம். எதிராக வர வேண்டிய சைகை இசைவாக வருகிறது என்பதே பொருள். வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றினால் அடங்கிவிடும்.

மாணவ நண்பர்களே, இவ்வேலையைப் பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். வேலை முடிந்ததும், அளந்த மின்னழுத்தங்களையும் மாற்றிய உறுப்புகளையும் ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். தொடங்கியவர் அப்படி ஒரு தாளை விட்டுச் சென்றிருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். அடுத்து இப்பெட்டியைத் திறப்பவருக்கு அந்தத் தாள் கிடைக்கட்டும்.