கிளட்ச் காலை வாரிடுச்சா?

ஏற்காடு டூர். ஆறு பேர், ஒரு பழைய டீசல் வண்டி. நண்பனோட மாமா, கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற வண்டி அது. ஏறும்போது சமர்த்தாகத்தான் ஏறியது. இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவில் பாதியைக்கூடத் தாண்டலை... டிரைவர் சீட்டிலிருந்து ஒரு அலறல். ‘‘மச்சான், கிளட்ச்சை மிதிச்சா தரையோட போயிருச்சுடா... மேலே வரவே மாட்டேங்குது!’’

நல்லவேளை, பிரேக் இருந்தது. அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு அடியில் கல் வைத்தோம். வந்த மெக்கானிக் பெடலை ரெண்டு தடவை மிதித்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. ‘‘கியர்பாக்ஸை இறக்கணும் தம்பி. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் போச்சு. 12 ஆயிரம் ஆகும்.’’ ஆறு பர்ஸையும் கவிழ்த்தால் தேறியது மூவாயிரத்துச் சொச்சம்!

மாமாவுக்குத் தெரிந்த சேலம் பட்டறை அண்ணனுக்கு போன் போட்டோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான். ‘‘கியர்பாக்ஸ் பக்கவாட்டுல சின்னதா ஒரு சிலிண்டர் இருக்கும். அதோட ரப்பர் பூட்டை நகர்த்திப் பாருங்க. ஈரமா இருக்கா?’’

சொதசொதன்னு இருந்தது. மதியம் அவரே பைக்கில் வந்து, சின்ன ரப்பர் கிட் ஒன்றை மாற்றி, பிரேக் ஆயில் ஊற்றி, ஏர் எடுத்துக் கொடுத்தார். கூலியோடு சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. ‘‘படிக்கிற பசங்கதானே... அடுத்த தடவை நீங்களே கண்டுபிடிச்சிரணும்’’ என்று அவர் எடுத்த பாடம்தான் இது.

உள்ளே என்ன நடக்குது?

மாருதி 800 மாதிரி வண்டிகளில் கிளட்ச்சை இழுப்பது ஒரு கேபிள். ஹைட்ராலிக் கிளட்ச்சில் அந்த வேலையைச் செய்வது பிரேக் ஆயில். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாகப் போய் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அதன் ராடு ஃபோர்க்கை அசைக்க, பிளேட் விடுபடும். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தோமே பாஸ்கல் விதி, அதேதான்! திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அதனால் குழாய்க்குள் துளி காற்று புகுந்தாலும், நம்ம மிதி காற்றை அமுக்கவே செலவாகிவிடும். ஃபோர்க் அசையாது.

பெடலே சொல்லிடும்!

* பெடல் பஞ்சு மாதிரி இருக்கு, படபடவென நாலு தடவை மிதித்தால் டைட் ஆகுது: உள்ளே காற்று.

* டப்பாவில் ஆயில் குறையவில்லை, ஆனால் கியரில் போட்டு மிதித்துக்கொண்டு நின்றால் வண்டி மெதுவாக நகரப் பார்க்குது: மாஸ்டருக்குள் ரப்பர் தேய்ந்து, ஆயில் பின்பக்கமாக நழுவுது.

* ஆயில் குறையுது: பெடல் ராடு உள்ளே போகிற இடம், ஸ்லேவ் பூட், குழாய் மூன்றையும் தடவிப் பாருங்கள். எங்கே ஈரமோ, அங்கே லீக்.

* இன்ஜின் உறுமுது, வேகம் ஏறலை: ஆயிலை விடுங்க, பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் ஸ்லேவ் ராடைக் கவனிக்கணும். ராடு முழுசா நகர்ந்தும் கியர் விழலைன்னா கோளாறு கியர்பாக்ஸ் பக்கம். ராடே சரியா நகரலைன்னா கோளாறு ஆயில் பக்கம். எங்களை 12 ஆயிரத்திலிருந்து காப்பாற்றியது இந்த வித்தியாசம்தான்.

ஒரு விஷயம். 2000 முதல் 2005 வரை நம்ம நாட்டில் விற்ற குவாலிஸ் மாதிரி வண்டிகளில் ஸ்லேவ் வெளியேதான் இருக்கும். சில கார்களில் அது கியர்பாக்ஸுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அங்கே லீக் என்றால் நிஜமாகவே இறக்கித்தான் ஆகணும். மெக்கானிக்கைச் சந்தேகப்படாதீங்க!

ஏர் எடுக்கலாமா?

ரெண்டு பேர் போதும். ஸ்லேவில் உள்ள நிப்பிளில் ஒரு கண்ணாடி டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். மேலே இருப்பவர் மிதித்துப் பிடிக்கணும். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடணும். மூடிய பிறகுதான் காலை எடுக்கணும். அவசரப்பட்டு முன்னாடியே எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிடும். குமிழி நிற்கும்வரை இதே வேலை. நடுவில் டப்பா காலியாகக் கூடாது. காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

உஷார்!

* டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப் போயிடும்.

* பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரிக்கு மேல். ஈரம் ஏறினால் 140க்கே கொதிக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிடுங்க.

* பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

* வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீங்க. ஸ்டாண்ட் கட்டாயம்.

* பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான். ஆயில் குறைந்தால் ‘கிளட்ச்தானே’ என்று விடாதீங்க. அடுத்தது பிரேக்காக இருக்கலாம்.

அன்றைக்கு எங்கள் வண்டியில் ஆயில் பல நாளாகக் கசிந்திருக்கிறது. கிளம்பும்போது செல்ஃபி எடுத்தோம், பாட்டு செலக்ட் பண்ணினோம். பானெட்டைத் திறந்து டப்பாவைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்... ஆறு பேரில் ஒருத்தருக்கும் தோணலை. உங்களுக்குத் தோணட்டும்!