செங்குருதியணுச் சவ்வில் புரதங்களும் நொதிகளும்: பிணைப்பும் பற்றுகையும்

முன்னுரை

முதிர்ந்த மனிதச் செங்குருதியணுவில் உட்கருவோ மைட்டோகாண்டிரியாவோ இல்லை. ஆயினும் அது ஏறத்தாழ 120 நாள் குருதியோட்டத்தில் இயங்குகிறது. இதற்கு உறுதுணையாவது சவ்வோடு அதன் புரதங்கள் கொண்டுள்ள உறவாகும். அவ்வுறவின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

சவ்வுப் புரதங்கள்

கொழுப்பு ஈரடுக்கை ஊடுருவி நிற்பவை உட்பதி புரதங்கள். பரப்பை ஒட்டி நிற்பவை புறவொட்டுப் புரதங்கள். முன்னவற்றைப் பிரிக்க டிடர்ஜென்ட் வேண்டும். பின்னவற்றுள் பல, உப்புச் செறிவையோ காரத்தன்மையையோ மாற்றிய அளவிலேயே பிரிந்துவிடும். முன்னதற்குச் சான்று 'மூன்றாம் பட்டைப் புரதம்'. மின்புலத்தில் பிரித்தபோது தோன்றிய பட்டைகளுக்கு ஃபேர்பேங்க்ஸ் குழுவினர் 1971இல் வழங்கிய எண்முறை இன்றும் நிலவுகிறது. அன்கைரின் என்னும் புரதம் அதனை ஸ்பெக்ட்ரின் வலையோடு பூட்டுகிறது. இப்பூட்டு பழுதுற்றால் சவ்வு சிறிது சிறிதாக உதிர்ந்து, அணு கோளவடிவுற்று, மண்ணீரலில் அழிகிறது. மரபுவழிக் கோளச் செவ்வணு நோயின் காரணங்களுள் இதுவும் ஒன்று.

நொதிகள்

அதே புரதத்தின் உள்முனையில் எதிர்மின்னேற்ற அமினோ அமிலங்கள் செறிந்துள்ளன. அல்டோலேஸ் முதலிய சர்க்கரைச் சிதைவு நொதிகள் அங்குத் தங்குகின்றன. தங்கியுள்ளபோது அவற்றின் செயல் குறைகிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் அவ்விடத்தைப் பற்றும்போது நொதிகள் விடுபட, சர்க்கரைச் சிதைவு விரைவு பெறுகிறது.

முடிவுரை

எனவே பூட்டுதல், தங்குதல் ஆகிய இரண்டையும் 'இணைதல்' என ஒரே சொல்லால் சுட்டுவது பொருள் மயக்கம் தரும். நிலைத்ததைப் 'பிணைப்பு' என்றும் மீள்வதைப் 'பற்றுகை' என்றும் வேறுபடுத்துவது கலைச்சொல்லாக்கத்திற்குத் துணைசெய்யும்.