அணைத்த பின்னும் ஆறாத உலை

பைக்காராவின் நீர்மின்சாரம் 1930-களில் வந்து சேர்ந்திராவிட்டால் கோவை இன்றைய கோவையாகியிராது. நூற்பாலைகளும் பம்புத் தொழிலும் வார்ப்படப் பட்டறைகளும் அதை நம்பியே தழைத்தன. 2012-ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே கூடங்குளம் தொலைவிலுள்ள ஊராயினும் நமக்கு அந்நியமான விஷயமன்று. அங்குள்ள முதலிரு அணு உலைகளின் 2,000 மெகாவாட்டில் ஏறத்தாழப் பாதி தமிழகத்தின் பங்கு.

அணு உலை என்றதும் பலர் அணுகுண்டையே நினைத்து அஞ்சுகின்றனர். உலை அவ்வாறு வெடிப்பதன்று. மெய்யான அபாயம் வேறிடத்தில் உள்ளது. பட்டறையில் உலையை அணைத்தால் இரும்பு மெல்ல ஆறிவிடும். அணு உலையோ நிறுத்திய பின்னும் புதிதாக வெப்பத்தை ஈன்றுகொண்டேயிருக்கும். பிளவுண்ட அணுக்களின் எச்சங்கள் தொடர்ந்து சிதைவதே காரணம். ஒரு நாள் கழிந்தும் முழு வெப்பத்தில் நூற்றுக்கு அரைப் பங்களவு எஞ்சும். கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பம் தருவது. அதில் அரைப் பங்கென்பது 15 மெகாவாட்!

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நேர்ந்தது இதுவே. நிலநடுக்கத்தின்போது இயங்கிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. பின்னர் வந்த ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது. பம்புகள் ஓய்ந்தன, எரிபொருள் உருகிற்று.

ருஷ்யர் வடிவமைத்த கூடங்குள உலைகளில் இதற்கொரு மாற்று உண்டு. மின்சாரம் அறவே அற்றுப்போனாலும் நீராவி தானே மேலெழுந்து, வெளிக்காற்றால் குளிரும் குழாய்களில் நீராகி, தன் எடையாலேயே கீழிறங்கும். பம்பு வேண்டாம், ஆள் வேண்டாம். அதையும் மீறி எரிபொருள் உருகினால் ஏந்திக்கொள்ள உலையின் அடியில் ஒரு பெருங்கலமும் அமைத்திருக்கின்றனர்.

இத்தகைய காப்பு இலவசமாக வருவதன்று. முதலிரு உலைகளுக்கு முதலில் மதிப்பிட்ட செலவு 13,171 கோடி ரூபாய். பின்னர் அது 22,462 கோடியாயிற்று. ஆயினும் பழியனைத்தையும் பாதுகாப்பின்மேல் சுமத்துவது முறையன்று. அணுமின்சாரத்தில் எரிபொருள் செலவு சிறிது, கட்டுமானச் செலவே பெரிது. கட்டடம் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் கடன்வட்டி ஏறி, மின்சார விலையில் வந்து விடிகிறது. 2002-ல் கட்டத் தொடங்கிய முதல் உலை வணிக முறையில் இயங்கியது 2014 இறுதியில்தான்.

ஃபுகுஷிமாவுக்குப் பின் இடிந்தகரை லூர்து அன்னை ஆலய வளாகத்தில் கூடி உண்ணாநோன்பிருந்த மீனவ மக்களை அறிவிலிகள் என்று இகழ்ந்தவர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மின்சாரம் போனால் என்ன ஆகும், கழிவு எங்கே போகும் என்றே அவர்கள் கேட்டனர். பொறியாளர் கேட்கவேண்டிய வினாக்களும் அவையே. முதல் வினாவுக்கு மேற்கூறிய குழாய்கள் ஒருவாறு விடை தருகின்றன. கழிவைப் பற்றிய வினாவோ, 2017-லும் 2021-லும் அங்கே மேலும் உலைகளைக் கட்டத் தொடங்கிய பின்னும், முடிவான விடையின்றியே நிற்கிறது.