ஆட்டுக்குச் சோறு வைக்கலாமா?

கோடை விடுமுறைக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போனால், கொட்டிலில் நிற்கும் ஆட்டைக் கண்டதும் நம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். விருந்தில் மிஞ்சிய சோற்றை அள்ளி வைப்பார்கள். வாயில்லா ஜீவன் தின்னட்டுமே என்று பெரியவர்களும் விட்டுவிடுவோம். ஆனால் அந்தச் சோறே ஆட்டின் உயிருக்கு உலை வைக்கக்கூடும். வானம் பார்த்த பூமியில் இரண்டு கன்னி ஆடுகள் என்பது ஒரு குடும்பத்தின் அவசரக் கைமுதல். ஆகவே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆடு அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தழையையும் புல்லையும் மெதுவாகச் செரிக்க வைக்கின்றன. சோறு, அரிசி, கம்பு, சோளம் போன்ற மாவுப் பொருள் திடீரென நிறையச் சேர்ந்தால், அது வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடம்பிலுள்ள நீர் இரைப்பைக்குள் இழுக்கப்பட்டு, ஆடு உலர்ந்து போகிறது.

தின்ற சில மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாளுக்குள் அறிகுறிகள் தெரியும். இரை எடுக்காது, அசைபோடாது, இடப்பக்க வயிறு உப்பும், பல்லை நறநறவென்று கடிக்கும், புளித்த நாற்றத்துடன் கழியும், தள்ளாடிப் படுத்துவிடும். உடம்பு சுடுகிறதே என்று நம் கணக்கில் காய்ச்சலை முடிவு செய்யக்கூடாது. ஆட்டின் இயல்பான வெப்பமே 102, 103 டிகிரி பாரன்ஹீட் இருக்கும்.

முதலில் தானியம், சோறு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சோர்ந்திருக்கிறதே என்று கஞ்சியோ வெல்லத் தண்ணீரோ ஊற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போல. 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்குச் சுமார் 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுப்பது நல்ல முதலுதவி. தலையை அண்ணாந்து பிடிக்காமல், கடைவாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்க முடியாத ஆட்டுக்கு எதையும் ஊற்றவேண்டாம். படுத்துவிட்ட ஆட்டைப் பக்கவாட்டில் கிடக்க விடாமல், இருபுறமும் வைக்கோல் மூட்டை அணைகொடுத்து நெஞ்சின் மேல் உட்கார வையுங்கள்.

முதலுதவியோடு நின்றுவிடாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். நரம்பு வழியாக நீரேற்றுவதும், தயமின் என்ற வைட்டமின் ஊசி போடுவதும் அவர் பொறுப்பு. தானியம் மிகுந்தால் வரும் துள்ளுமாரி நோயா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆடு மீண்டும் அசைபோடத் தொடங்கினால் பாதி கிணறு தாண்டியாயிற்று. இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை இரைப்பை அசைவது தெரியும். முதலில் காய்ந்த புல், கடலைக்கொடி. பிறகு வேம்பு, வாகைத் தழை. ஒரு வாரம் கழித்தே சிறிது சிறிதாகத் தீவனம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகள் கையில் சோற்றுக்குப் பதில் ஒரு கொத்து அகத்திக்கீரையைக் கொடுங்கள். ஆட்டுக்கும் அது விருந்துதான்.