கொன்றவனைத் தேடும் நடையும் மாண்டவரை அறியும் நடையும்

மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிப் பிழைக்க 1845-ஆம் ஆண்டில் பழனி மலைமீது முதல் இரண்டு வீடுகளை எழுப்பியது தொடங்கி, 1863-இல் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி கண்டதும், 1872-இல் லெப்டினென்ட் கோக்கர் மலைவிளிம்பை ஒட்டி நடைபாதை வகுத்ததுமாக, கோடைக்கானலின் உருவம் பெரும்பாலும் விக்டோரியா மகாராணியின் காலத்திலேயே அமைந்துவிட்டது. இன்றும் கோக்கர் நடைபாதையில் உலவும் பிரயாணி, அந்த நூற்றாண்டின் கைவேலையின் மீதுதான் கால்பதித்து நடக்கிறான்.

அதே நூற்றாண்டின் சுவடு பதிந்த வேறொரு வழியில், லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஒயிட்சேப்பலில், மாலை மங்கியதும் வழிகாட்டிகள் கூட்டங்கூட்டமாக ஜனங்களை அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் காண வருவது அரண்மனையையோ ஆலயத்தையோ அன்று. 1888 ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரையிலான பத்து வாரங்களில், ஒருவனே கொன்றான் என்று பலரும் கருதுகிற ஐந்து பெண்கள் மாண்ட இடங்களை. கொலைஞன் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஜாக் த ரிப்பர் என்ற பெயர்கூடப் பத்திரிகைச் செய்தி நிலையம் ஒன்றுக்கு வந்த கடிதத்தின் கையொப்பமேயன்றி வேறல்ல. அக்கடிதத்தை ஒரு பத்திரிகையாளரே எழுதியிருக்கக்கூடும் என்று அன்றைய போலீஸ் அதிகாரிகள் சிலர் எண்ணினார்கள்.

விடையில்லாத இந்த ஒரு கேள்வியின்மேல் நூற்றாண்டுக்கு மேலாக மனிதர் செலவிட்ட சிரத்தையில் சிறு பகுதியையேனும், விடையுள்ள மற்றொரு கேள்வியின்மேல் செலவிட்டிருக்கலாம் என்பதே என் எண்ணம். அப்பெண்கள் அந்த நேரத்தில் அந்த இடங்களில் ஏன் இருந்தார்கள்? ஐந்து பிள்ளைகளைப் பெற்ற மேரி ஆன் நிக்கல்ஸ், ஓரிரவுப் படுக்கைக்குரிய நான்கு பென்னி கையில் இல்லாமையால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். நோயால் நலிந்திருந்த ஆனி சாப்மனுக்கும் அதே கதிதான். எலிசபெத் ஸ்ட்ரைடு ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்தவள். கேத்தரின் எட்டோஸ் கென்ட் பிரதேசத்துத் தோட்டங்களில் கூலிவேலை செய்து திரும்பி, தன்னுடன் வாழ்ந்தவனின் பூட்ஸை அடகு வைத்து உணவு வாங்கியவள். மேரி ஜேன் கெல்லியின் சடலத்தை முதலில் கண்டதோ, வாடகை பாக்கியை வசூலிக்க வந்த ஆள். கத்தி ஏந்தியவன் எவனாயினும், அவர்களை இருளில் நிறுத்தியது வறுமை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதற்குச் சாட்சியங்கள் மரண விசாரணைகளிலேயே பதிவாகியிருக்கின்றன.

அந்த வழக்கோடு நம் தேசத்துக்கும் தொடர்பு உண்டு. 1888-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் போலீஸ் கமிஷனரான ஜேம்ஸ் மன்றோ, அதற்குமுன் வங்காளத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்தவர். அவர் வங்காளத்தில் அறிமுகம் கொண்ட மெல்வில் மக்நாட்டன் என்பவர், பின்னாளில் லண்டன் போலீசில் உயர் பதவி வகித்து, 1894-இல் எழுதிய குறிப்பில் மூன்று பேரைச் சந்தேகத்துக்குரியவர்களாகப் பெயர் சொல்லி எழுதினார். அம்மூவரில் ஒருவன் கொலைகள் நடந்த காலத்தில் பிரான்சு நாட்டுச் சிறையில் இருந்தவன் என்பது நெடுங்காலத்துக்குப் பின்னரே வெளியாயிற்று. ஆதாரமின்றி ஒருவனைக் கொலைஞன் என்று எழுதுவது எவ்வளவு எளிது, அந்தக் களங்கத்தைத் துடைப்பது எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான நிதானத்தை நம் நாட்டு நீதிமன்றம் ஒன்று காட்டியது. அந்நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தின் ஜல்பைகுரி ஜில்லாவில் தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அவருடைய பொருள்களிடையே இருந்த பஞ்சாங்கத்தில் இரத்தம் தோய்ந்த விரல் ரேகை பதிந்திருந்தது. 1897-இல்தான், அஜிஜுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இருவரின் உழைப்பால் வகுக்கப்பட்ட முறையைக் கொண்டு, கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டிருந்தது. ரேகை முன்னாள் வேலைக்காரன் ஒருவனுடையது என்று தெளிவாயிற்று. ஆயினும் நீதிமன்றம் களவுக்கு மட்டும் அவனைத் தண்டித்து, கொலைக்குப் போதிய சாட்சியம் இல்லையென்று விட்டது. அறிந்ததை அறிந்தது என்றும், அறியாததை அறியாதது என்றும் பிரித்து நின்ற அந்த மனோதர்மம், இருட்டில் கூட்டத்தை அழைத்துச் சென்று கொலைஞனின் பெயரை உறுதியாகக் கூறும் வழிகாட்டிகளுக்கும் வாய்க்கவேண்டும்.

நமது கோடைக்கானல் மலையிலும் மரணத்தைக் காட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் பிசாசின் அடுக்களை என்று பெயரிட்டதும், 1991-இல் வெளிவந்த திரைப்படத்தால் குணா குகை என்று வழங்கலானதுமான அந்தப் பாறைப் பிளவை, 2024-இல் வந்த மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படத்துக்குப் பிறகு காணவரும் கூட்டம் பெருகியிருக்கிறது. அங்கே கம்பிவேலிக்கு அப்பால் பார்ப்பவர்களிடையே, உள்ளே விழுந்து மாண்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே பெரிதும் பேசப்படுகிறது. பாறைகளுக்கிடையே ஆழ்ந்த வெடிப்புகள் இருப்பதையும், பனியில் நனைந்த பாறை வழுக்குவதையும், அப்படத்துக்குக் கருவான 2006-ஆம் ஆண்டு விபத்தில், தவறி விழுந்த நண்பனுக்காகக் கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கிய மனிதனின் தைரியத்தையும் வழிகாட்டிகள் சொன்னால், கேட்பவர் திகிலோடு மட்டும் திரும்பமாட்டார். எச்சரிக்கையும் கருணையும் உடன் பெற்றுத் திரும்புவார்.

துர்மரணம் நிகழ்ந்த ஸ்தலங்களுக்குப் போகலாகாது என்பது என் கட்சியன்று. போகவேண்டும், கேட்கவும் வேண்டும். மாண்டவரின் பெயர் என்ன, அவர் யாருக்குத் தாய், யாருக்கு மகன், எந்தக் குறை தீர்ந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று கேட்கிற பிரயாணிகள் பெருகப் பெருக, வழிகாட்டிகளும் அவற்றுக்கு விடை கூறக் கற்றுக்கொள்வார்கள்.